சாமைச் சோறும் சின்ன மாத்திரையும்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் சாலையில் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. அதில் இரண்டு லுங்கி, இரண்டு சட்டை, ஒரு போர்வை, அரசு மருத்துவமனைச் சீட்டு, இரண்டு வகை மாத்திரை. மலை வலது கைப் பக்கமாகக் கூடவே வந்து மெல்லப் பின்தங்கிக்கொண்டிருந்தது. மணி பத்தரை இருக்கும். காலையில் மாத்திரை போட்டதைத் தவிர வாயில் எதுவும் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் மருந்து வெளியே வருமாம்.

மருந்து என்று நான் சொல்வது இடுமருந்து. ஒருவனைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் சோற்றில் கலந்து கொடுப்பது. குடலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆள் நாளுக்கு நாள் இளைப்பான். கை நடுங்கும். வயிறு சத்தம் போடும். அந்த இடத்தை விட்டுப் போக மனம் வராது. எங்கள் பக்கத்தில் இதைக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. படித்தவர்கள்கூட வெளியே சிரித்துவிட்டு, உள்ளே ஒரு முறை வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு மேலே சொன்ன அத்தனையும் இருந்தது. ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் மருந்து எடுக்கிற அம்மா ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான், நான் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையில் சத்தம் போட்டுவிட்டுப் படியிறங்கியிருந்தேன். கடைக்கார அம்மா வாசல் வரை பின்னால் வந்தார். கையில் தட்டு. தட்டில் முளைகட்டிய பயறும் இரண்டு சாமை இட்லியும்.

"அண்ணா, எங்கனா போங்க. சாப்ட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட போகாதீங்க."

ஒரு ஆள் வேலையை விட்டுப் போகிறான். அவன் சாப்பிட்டானா இல்லையா என்பதில் இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அதுதான் எனக்குக் கடைசிச் சாட்சியாகப் பட்டது.

"அதுல இன்னா கலந்துகீறீங்கனு எனக்குத் தெரியும்மா. வேற எவனாவது மாட்டுவான், அவனுக்குப் போடுங்க" என்று கத்தினேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. எழுத விருப்பமில்லை.

நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். செங்கல் சூளை, லாரிக்கு க்ளீனர், பெங்களூரில் கட்டட வேலை, ஆந்திரா பக்கம் மிளகாய்க் கிடங்கு என்று அலைந்தவன். ஓரிடத்தில் ஒரு மாதம் தங்கினால் அதிகம். கால் நமநமவென்று சொல்லிவிடும், கிளம்பிவிடுவேன். அந்தக் காலில்தான் பிரச்சினை வந்தது. வலது உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு புண். எப்போது வந்தது என்றே தெரியாது. செருப்பில் ஈரம் பிசுபிசுத்தது, கழற்றிப் பார்த்தேன், ரத்தமும் சீழும். வலியே இல்லை. வலி இல்லாததுதான் ஆபத்து என்று திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நிறைய இருக்கிறது, வருடக்கணக்காக இருந்திருக்கும் என்றார்கள். ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

சூளையில் என்னோடு மண் மிதித்த ஒருவனுக்கு அப்படி எடுத்தார்கள். முதலில் விரல், பிறகு கணுக்கால். அதற்குப் பிறகு அவன் சூளை வாசலில் உட்கார்ந்திருந்தான். வருகிற லாரியை எல்லாம் பார்த்துக்கொண்டு, தானும் ஏறிப் போகப்போகிறவன் மாதிரி. எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயமில்லை. அப்படி உட்காருவதைப் பற்றித்தான் பயம். அதனால் மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை.

புண்ணுக்குக் கட்டுப் போட வாரம் இரண்டு முறை வரச் சொன்னதால் ஊரை விட்டுக் கிளம்ப முடியாமல் வேலை தேடினேன். ஆசிரமத்துப் பக்கம், உள்தெரு ஒன்றில் இந்தச் சாப்பாட்டுக் கடை. வெள்ளை அரிசி கிடையாது, மைதா கிடையாது, சர்க்கரை கிடையாது. சாமை, வரகு, கேழ்வரகு, கொள்ளு, பயறு, கீரை, பச்சைக் காய். வருகிறவர்கள் பாதிப் பேர் வெளிநாடு, மீதிப் பேர் சென்னை, பெங்களூர். பாத்திரம் கழுவ, காய் நறுக்க, கூட்டிப் பெருக்க என்று என்னை வைத்துக்கொண்டார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே, அங்கே ஆக்குவதுதான் எனக்கும். நடத்தியவர் நாற்பது வயதுப் பெண். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். கணவருக்கு வேங்கிக்காலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை. என் கால் கட்டைப் பார்த்ததும், "சுகரா அண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நம்ம சாப்பாட்டுக்கு நல்லாயிடும். ஆனா உடம்பு பழகறதுக்குள்ள கொஞ்சம் படுத்தும். பயந்துடாதீங்க" என்றார்.

முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. படுத்தும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

படுத்தியது. முதல் வாரம் வயிறு உப்பித் தவில் மாதிரி ஆனது. கொள்ளும் பயறும் உள்ளே போய் ஒன்றோடொன்று சண்டை போட்டன. காற்று பிரியும் சத்தம் கேட்டுப் பக்கத்து மேசை வெள்ளைக்காரம்மா ஒரு முறை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் நாள் தலைவலி பிடித்துக்கொண்டது. நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி நாலு நாள். அதுவரை ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடித்தவன், சர்க்கரை தூக்கலாகப் போட்டு. திடீரென்று ஒன்றும் இல்லை. கால்கள் பஞ்சு மாதிரி இருந்தன. பாத்திரம் கழுவும்போது தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மலம் ஒரு நாள் கல், ஒரு நாள் தண்ணீர். சாமைச் சோறு நிறையத்தான் சாப்பிட்டேன், ஆனாலும் சாப்பிட்ட நிறைவு வரவில்லை. வெள்ளைச் சோறு வயிற்றில் உட்காரும். இது நின்றுகொண்டே இருந்தது.

"தண்ணி ஜாஸ்தியா குடிங்க. உப்பு கொஞ்சம் சேத்துக்குங்க. ரெண்டு வாரம் ஆனா சரியாப் போயிடும்" என்பார் அந்த அம்மா. அவர் சொன்ன மாதிரியே தலைவலி போனது, பத்துப் பதினைந்து நாளில் வயிறும் அடங்கியது. சொன்னபடி நடந்ததும் எனக்குச் சந்தேகம் குறையவில்லை, கூடியது. கொடுத்தவருக்குத்தானே கணக்குத் தெரியும்?

பிறகு வேறு மாற்றங்கள். முன்பெல்லாம் ஒன்றுக்குப் போக ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பேன். அது ஒரு தடவையானது. குடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தேன். கடைக்குப் பின்னால் நான் ஒதுங்குகிற இடத்தில் எப்போதும் எறும்பு மொய்த்திருக்கும். அதுவும் வருவதை நிறுத்திவிட்டது. யாராவது பவுடர் போட்டிருப்பார்களோ என்று குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கண் மங்கியது. தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறவன் நான், இப்போது எழுத்தெல்லாம் தண்ணீரில் கிடப்பது மாதிரி அலைந்தது. லுங்கி இன்னொரு சுற்றுச் சுற்றினால்தான் இடுப்பில் நின்றது. கன்னம் ஒட்டிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரியது நடுக்கம். நாலாவது வாரத்தில் தொடங்கியது. பதினொன்றரை மணி வாக்கில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கை ஆடும். பின்கழுத்து வேர்க்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். காரணமில்லாமல் கோபம் வரும், அழுகையும் வரும். யாருக்கும் தெரியாமல் தெருமுனை டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடிப்பேன், பழைய மாதிரி சர்க்கரை போட்டு. பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

அந்த டீக்கடைப் பக்கம் ஆட்டோவை நிறுத்தியிருக்கும் டிரைவர் ஒருவர் இதை நாலைந்து நாள் கவனித்திருக்கிறார்.

"இன்னாய்யா இப்டி ஒட்டிப்போயிட்டே? வேலை ஜாஸ்தியா?"

"வேலை கம்மிதாங்க. சாப்பாடுகூட மூணு வேளை."

"மூணு வேளை துன்னுட்டு இப்டி இளைப்பியா? அங்க துன்னா நடுங்குது, வெளிய டீ குடிச்சா சரியாவுது. அப்ப எங்க கீது கோளாறு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க மாமன் ஒருத்தருக்கு இதேதான். சோத்துல வெச்சுட்டாங்க. எடுத்தப்ப முடி முடியா வந்துச்சு."

"எனக்கு எதுக்குங்க வெக்கணும்? நானே பாத்திரம் கழுவுறவன்."

"பாத்திரம் கழுவ ஆள் நிக்கறான் எங்க? நீ வந்து எத்தினி வாரம் ஆச்சு?"

"ஏழு."

"கெளம்பணும்னு தோணுச்சா?"

தோன்றவில்லை. ஏழு வாரத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது. நடுக்கம், இளைப்பு எல்லாவற்றையும் விட்டுவிடலாம். இந்த ஒன்றை நினைத்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அவரேதான் ஊரும் வழியும் சொன்னார். "ஒண்ணும் துன்னாம போ. துன்னுட்டுப் போனா வராது."

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே அந்த அம்மா என்னிடம், "அண்ணா, சாப்பாட்ட மாத்திட்டீங்க, ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லிடுங்க. ரத்தம் பாத்துட்டு மாத்திரைய கொறைப்பாங்க" என்றார். மாத்திரையை விட்டால் கால் போகும் என்று டாக்டர் சொல்கிறார், இவர் குறை என்கிறார். என் காலில் இவருக்கு என்ன கண் என்று நினைத்தேன். அவர் இரண்டு மூன்று முறை கேட்டபோது, "சொல்லிட்டேம்மா, நிறுத்திட்டாங்க" என்று பொய் சொன்னேன். மாத்திரையை பாத்ரூமில் வைத்துத் தின்றேன். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது, "சாப்பாடு எப்டி?" என்று கேட்பார்கள். "எப்பவும் போலதாங்க" என்பேன். சாமை, வரகு என்று சொன்னால் திட்டுவார்கள், அல்லது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இருவரையும் நம்பவில்லை. அதனால் இருவர் சொன்னதையும் முழுதாகச் செய்தேன், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சொன்னதை.

அன்றைக்கு நடந்துகொண்டே இருக்கும்போது சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் அவ்வளவு இல்லை. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருப்பதற்குத் தெரிந்துவிட்டது, எடுக்கப் போகிறார்கள் என்று, அதுதான் ஆட்டம் போடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் நடந்தேன். உதடு மரத்துப்போயிருந்தது. கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. எழுத்துகள் ஆடின, படிக்க முடியவில்லை. தகரக் கொட்டகை போட்டு நாற்காலிகள். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். உட்காரலாம் என்று நாற்காலியைத் தொட்டேன். நாற்காலியோடு கீழே போனேன்.

முகத்தில் தண்ணீர் பட்டு விழித்தபோது ஒரு பெண் என் மேல் குனிந்திருந்தார். பருத்த உடம்பு, காதில் செல்போனை இடுக்கியிருந்தார். "வெய்யிடி, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார்.

"யோவ். வெறும் வயித்துல வந்தியா?"

தலையாட்டினேன்.

"மாத்திரை போட்டியா?"

மறுபடியும் தலையாட்டினேன்.

"சுகர் மாத்திரையா? அடப்பாவி மனுசா! ஏய், சக்கர டப்பா எடுத்தா, சீக்கிரம்!"

உள்ளேயிருந்து யாரோ டப்பாவோடு ஓடி வந்தார்கள். கை நிறைய அள்ளி என் வாயில் போட்டார். நான் வாயை மூடப் பார்த்தேன். சர்க்கரை விஷம் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள், கடையிலும் சொன்னார்கள். அந்த ஒன்றில் மட்டும்தான் இருவரும் ஒத்துப்போனார்கள். இந்தப் பெண் அதைப் பிடிவாதமாக ஊட்டுகிறார். இவரும் அவர்களோடு சேர்ந்தவரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"முழுங்குடா! முழுங்கித் தொலை!"

விழுங்கினேன். தண்ணீரில் கரைத்து ஒரு சொம்பு கொடுத்தார். அதையும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரை நேரானது. காத்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லோரும் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள், மருந்து எடுப்பதைப் பார்க்க வந்த இடத்தில் இது கூடுதலாகக் கிடைத்தது மாதிரி.

"எனக்கே சுகருதான்யா, பத்து வருசமா" என்று மருந்து எடுக்கிற அந்த அம்மா எதிரில் உட்கார்ந்தார். "இங்க வர்றதுல பாதிப் பேருக்கு அதான். வெறும் வயித்துல வரணும்னு எவனாவது சொல்லிடறான், மாத்திரைய மட்டும் போட்டுக்கினு வந்து வாசல்ல விழறானுங்க. அதுக்குதானே பெருசா போர்டு போட்டுக்கீறேன். நீ படிக்கலியா?"

"எழுத்து ஆடுச்சும்மா."

"ஆடும், ஆடும். சரி, சொல்லு. யாரு வெச்சாங்கனு வந்தே?"

சொன்னேன். சாமைச் சோறு, கொள்ளு, நடுக்கம், டீ, ஏழு வாரம், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். சின்ன மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எனக்கும் தந்தாங்க. இதப் போட்டுட்டு துன்னாம இருந்தேனா, ஒரு நாள் ஆட்டுக்கல்லு மேலயே சாஞ்சுட்டேன். அந்தக் கடைக்காரப் பொண்ணு மாத்திரைய பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. டாக்டராண்ட கேட்டுக் கொறைச்சுக்கோனு."

"நீ இன்னா சொன்னே?"

"நிறுத்திட்டேன்னேன்."

"போட்டுக்கினே இருந்தே. டாக்டருகிட்ட?"

"எப்பவும் போல சாப்டறேன்னேன்."

அவர் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா கதைய? அவகிட்ட ஒரு பொய்யி, அங்க ஒரு பொய்யி. நடுவுல கெடந்து இந்த உடம்பு ஆடிக்கீது, அது இன்னா பண்ணும்? இதுல அந்தப் பொண்ணு மருந்து வெச்சான்னு பழி வேற." எல்லோரும் சிரித்தார்கள்.

"வந்ததுக்கு ஒரு தடவ எடுத்துப் பாத்துடுங்கம்மா" என்றேன்.

"உள்ள இருந்தாதானேய்யா எடுக்கறதுக்கு."

"இல்லனு எப்டித் தெரியும்?"

"நான் இத்தினி வருசமா இந்தத் தொழில் பண்றேன். என்னையே சந்தேகப்படறியா?" என்று முறைத்தார். ஆனால் கோபம் இல்லை. தட்டில் மூன்று இட்லி வைத்துக் கொடுத்து, அரிசி இட்லிதான், நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். காசு எதுவும் வாங்கவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. எடுத்தால்தான் அவருக்குப் பிழைப்பு. எடுக்காமலே அனுப்புகிறார் என்றால், உள்ளே இருப்பது அவரால் எடுக்க முடியாத அளவுக்குப் பலமானதாக இருக்குமோ? மருமகனைக் கூப்பிட்டு, என்னை பைக்கில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விட்டுவிட்டு வரச் சொன்னார். பைக்கில் போகும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டு போனேன்.

சுகாதார நிலையத்தில் சின்ன வயது டாக்டர், பெண். அவரிடமும் முழுக் கதையையும் சொன்னேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, "இது சர்க்கரை தின்னப்புறமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"ஆமாங்க. ஒரு கை நெறைய. அப்புறம் மூணு இட்லி."

"அப்ப அதுக்கு முன்னாடி ரொம்ப கம்மியா போயிருக்கும். ரோட்ல விழுந்திருந்தா யாரும் குடிச்சிட்டு விழுந்துட்டான்னு நெனச்சிட்டுப் போயிருப்பாங்க." அவர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "சாப்பாடு மாத்தினத ஏன் சொல்லல?"

"பயம்ங்க" என்றேன். எதைப் பற்றி என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

"அது நல்ல சாப்பாடுதான். வயிறு உப்புனது, தலைவலி, கண்ணு மங்குனது எல்லாம் உடம்பு மாறும்போது வர்றதுதான். நடுக்கம் மட்டும் அதுல சேராது. அது இந்தச் சின்ன மாத்திரை. நீங்க மூணு வேளை அரிசி சாப்டப்ப இருந்த சர்க்கரைக்கு எழுதினது. இப்ப வேணாம். பெருசு மட்டும் சாப்பாட்டோட போடுங்க. வேளைக்குச் சாப்பிடணும், ஒரு வேளையும் விடக் கூடாது. இங்கயே வாரம் ஒரு தடவ வந்து காட்டணும்."

"மாத்திரைய விட்டா காலு போய்டும்னாங்களே?"

"காலைக் காட்டுங்க."

கட்டைப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்குப் பார்த்தேன். முன்பு ஒரு ரூபாய்க் காசு அளவு குழி இருந்தது. இப்போது குழி மேலே வந்திருந்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், பழத்தோல் மாதிரி மெல்லியதாக. நடுவில் ஒரு பயறளவுதான் ஈரம்.

"ஆறுது. நல்லாவே ஆறுது. யாரு பண்ணாங்களோ அவங்களுக்கு நன்றி சொல்லுங்க. வெறுங்காலோட மட்டும் நடக்காதீங்க."

அவர் கை கழுவப் போன பிறகும் நான் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ், "போதும் கீழ வெய்யிங்க, அது எங்கயும் ஓடிடாது" என்றார்.

ஊருக்குள் பஸ்ஸில் திரும்பினேன். சாப்பாட்டுக் கடை இருக்கும் தெருவைத் தாண்டும்போது ஜன்னலில் இருந்து தெருமுனை தெரிந்தது. இறங்கலாம். இறங்கிப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா தட்டை நீட்டியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இறங்க முடியவில்லை. இரண்டு வெள்ளைக்காரர்கள் முன்னால் விஷம் வைத்தவர் என்று சொல்லிவிட்டு, அவர் கையால் எப்படித் தின்பது? பஸ் போய்க்கொண்டே இருந்தது. நன்றியை இன்றுவரை சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டிலேயே படுத்து, விடிந்ததும் எழுந்தேன். முகம் கழுவிவிட்டு ஒரு தள்ளுவண்டியில் அவித்த கொண்டைக்கடலை வாங்கித் தின்றேன், பெரிய மாத்திரையோடு. சின்ன மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அந்த டாக்டருக்கு வயது இருபத்தைந்து இருக்குமா? ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. யார் சொல்வது சரி? அட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பையின் அடியில் வைத்தேன். ஆனால் தின்னவில்லை. பதினொன்றரை மணி வரட்டும், கை என்ன சொல்கிறது பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

வாரம் ஒரு முறை காட்ட வேண்டுமென்றால் இந்த ஊரில் இருந்தாக வேண்டும். லாட்ஜ் ஒன்றில் தரை துடைக்க ஆள் கேட்டார்கள். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற வேலை, வேண்டாமென்றேன். வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டும் இடத்தில் சிமெண்ட் கலக்கக் கூப்பிட்டார்கள். கலவை காலில் பட்டால் புண்ணை அரித்துவிடும், அதுவும் வேண்டாமென்றேன். வேலையை நான் தள்ளுவது அதுவரை நடக்காத விஷயம்.

கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், பக்தர்கள் செருப்பு விட்டுவிட்டுப் போகும் இடம் ஒன்று. குத்தகை எடுத்தவர் தடித்த ஆள், ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கன்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தார். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை?"

அதையும் சொன்னேன், சாப்பாட்டுக் கடையை விட்டுவிட்டு.

"ஒரு எடத்துலயும் நிக்கலியே நீ. நாளைக்கு நல்ல ஷூவா ரெண்டு ஜோடி எடுத்துக்கினு கெளம்பிட்டேன்னு வெச்சுக்கோ, நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"கெளம்ப முடியாதுங்க. வாரா வாரம் டாக்டராண்ட காட்டணும்." பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டு பொய்யாக இருக்குமோ என்று பார்க்கிறார். எனக்கு அது தப்பாகப் படவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

"சரி. உள்ள வா. உன் செருப்ப கழட்டி வெளிய விடு."

"அது முடியாதுங்க. வெறுங்காலோட நடக்கக் கூடாதுனு சொல்லிக்கீறாங்க."

"ஊரே செருப்ப கழட்டிட்டுப் போற எடம்யா இது. நீ மட்டும் போட்டுக்கினு உக்காருவியா?"

"அவங்க சாமி பாக்கப் போறாங்க. நான் செருப்புதானே பாக்கப் போறேன்."

அவர் ஒரு நொடி முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். "வாய் மட்டும் நல்லா கீது. கூலி எவ்ளோனு கேக்கல?"

"அத நீங்க அப்புறமா சொல்லுங்க. மதியம் சாப்பாட்டுக்கு எத்தினி மணிக்கு விடுவீங்க?"

"ஒண்ணு, ஒண்ணரை ஆவும். கூட்டம் இருந்தா ரெண்டு."

"பன்னெண்டுக்கு விடணும்ங்க. தெனமும். லேட் ஆவக் கூடாது."

"வர்றதுக்கு முன்னாடியே சோத்தக் கேக்கற ஆள இப்பதான் பாக்கறேன்" என்று டோக்கன் மாலையை என் மடியில் போட்டார். முதலில் வந்தது ஒரு குடும்பம், ஐந்து ஜோடி. குனிந்து வாங்கி, அடுக்கில் வைத்து, டோக்கனை நீட்டினேன். சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, ஓடவில்லை. அவரிடம் மணி கேட்டேன்.

"எட்டரை."

பதினொன்றரைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன்.